‘மெதுவாக’ என்று ஆங்கிலத்தில் சொல்ல: நத்தையா, பனியாறா, வெல்லப்பாகா?

போன மாதம் எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவன் லண்டன் கிளையண்டுக்கு ஒரு மெயில் அனுப்பினான். விஷயம் சின்னது. சோதனை எல்லாம் முடிந்துவிட்டது, அவர்கள் பக்கத்து ஒப்புதல் மட்டும் மூன்று வாரமாக வரவில்லை. அவன் மனதில் ஓடிய தமிழ்: “ஒப்புதல் இழுத்துக்கொண்டே போகிறது.” கை தட்டச்சு செய்த ஆங்கிலம்: “யுவர் டீம் இஸ் டிராகிங் தெய்ர் ஃபீட்.”

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அவர்கள் மேலாளர், எங்கள் மேலாளர் இருவருக்கும் நகல். இரண்டே வரி. இதன் மூலம் தாங்கள் சொல்ல வருவது என்னவென்று விளக்க இயலுமா என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். இங்கிலாந்துக்காரர் அத்தனை மரியாதையாகக் கேட்கிறார் என்றாலே கொதித்துப்போயிருக்கிறார் என்று அர்த்தம்.

தம்பிக்குப் புரியவில்லை. “இழுக்குதுன்னுதானே அக்கா எழுதினேன்?”

இழுக்கிறது வேறு, இழுத்தடிக்கிறார்கள் வேறு. தமிழில் இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழையால் வீட்டு வேலை இழுக்கும். கொத்தனார் இழுத்தடிப்பார். ஆங்கிலத்திலும் அப்படியே இரண்டு இருக்கின்றன. ‘டிராகிங் ஆன்’ என்றால் காரியம் தானாக நீள்கிறது. ‘டிராகிங் தெய்ர் ஃபீட்’ என்றால் மனமில்லாமல், வேண்டுமென்றே காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்கள். ஒரு சொல் மாறியதில் விசாரிப்பு குற்றச்சாட்டாகிவிட்டது.

அந்தக் கதை பரவியதிலிருந்து ஆளாளுக்கு என்னிடம் வந்து கேட்கிறார்கள், இதற்கு எந்த ஃப்ரேஸ் போடலாம், அது சரியா, இது தப்பா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

## எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

எவ்வளவு மெதுவு என்பதைப் பார்த்து அல்ல. நத்தையை விடப் பனியாறு மெதுவு, ஆகவே தாமதம் ரொம்ப அதிகமானால் பனியாறு என்று யாரும் கணக்குப் போட்டு எழுதுவதில்லை. நான் பார்ப்பது மூன்று.

முதலாவது, பழி யார் தலையில் விழுகிறது? ஆளின் மேலா, அமைப்பின் மேலா, யார் மேலும் இல்லையா? பாதிச் சண்டை இதில்தான் வருகிறது.

இரண்டாவது, படிப்பவர் எந்த ஊர்? அமெரிக்கர் சொல்லும் சில சொற்றொடர்கள் பிரிட்டனில் புரியும், ஆனால் சினிமா வசனம் மாதிரி ஒலிக்கும்.

மூன்றாவது, வாய்ப்பேச்சா, எழுத்தா? முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியதை மெயிலில் போட்டால் சிரிப்பு மட்டும் போய்ச் சேராது.

அவசரக்காரர்களுக்கு முதலில் அட்டவணை:

| சொற்றொடர் | நெருங்கிய தமிழ் | பழி யார் மேல் | எங்கே பொருந்தும் | எங்கே வேண்டாம் |
|---|---|---|---|---|
| அட் எ ஸ்நெயில்ஸ் பேஸ் | ஆமை வேகம் | காரியத்தின் மேல் | போக்குவரத்து, பணி முன்னேற்றம் | ஒரே ஆள் செய்யும் வேலையைப் பற்றி |
| அட் எ கிளேஷியல் பேஸ் | நகரவே மாட்டேன் என்கிறது | அமைப்பின் மேல் | அரசு, நீதிமன்றம், பெரிய நிறுவனம் | சின்ன, ஒரு வாரத் தாமதம் |
| டிராகிங் தெய்ர் ஃபீட் | இழுத்தடிக்கிறார்கள் | நேராக ஆளின் மேல் | புகார் செய்யத் தயாரானபின் | கிளையண்டுக்கு முதல் நினைவூட்டல் |
| ஸ்லோ ஆஸ் மொலாசஸ் இன் ஜனவரி | ஜவ்வு மாதிரி இழுக்கிறது | சூழலைப் பொறுத்து | அமெரிக்கரோடு அரட்டை | அலுவலக எழுத்து |
| டேக் யுவர் டைம் | ஆற அமரச் செய்யுங்கள் | யார் மேலும் இல்லை | எங்கும் | முன்னால் இருப்பவரிடம் இறந்தகாலத்தில் |
| ஸ்லோ பட் ஷ்யூர் | மெல்ல, ஆனால் உறுதியாக | பழி இல்லை, பாராட்டு | முன்னேற்ற அறிக்கை | கெடு தாண்டியபின் |
| கோ-ஸ்லோ | மெதுவாக வேலை செய்யும் போராட்டம் | தொழிலாளர் மேல் | தொழிற்சங்கச் செய்தி | வேறு எங்கும் |
| ஸ்லோ ஆன் தி அப்டேக் | சட்டென்று பிடிபடாதவர் | ஆளின் அறிவின் மேல் | தன்னைத்தானே கிண்டலடிக்க | பணி மதிப்பீடு |

## நத்தை: அட் எ ஸ்நெயில்ஸ் பேஸ்

குழப்பமே இல்லாத, எந்த ஊரிலும் செல்லுபடியாகும் சில்லறை இது. போக்குவரத்து நத்தை வேகத்தில் ஊர்ந்தது, பாலம் கட்டும் பணி நத்தை வேகத்தில் நடக்கிறது என்று பிரிட்டிஷ், அமெரிக்க, இந்தியப் பத்திரிகைகள் எல்லாமே எழுதுகின்றன. குறை சொல்கிறது, ஆனால் எவரையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை.

நத்தையின் நிஜ வேகம் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு: இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் காங்கம் என்ற கிராமத்தில் நத்தைகளுக்கு உலக சாம்பியன் பட்டப் போட்டியே நடத்துகிறார்கள். ஓட்டதூரம் 13 அங்குலம். 1995இல் ஆர்ச்சி என்ற நத்தை அதை 2 நிமிடத்தில் கடந்தது. அது உசைன் போல்ட் ரகம். சாதாரணத் தோட்டத்து நத்தை நொடிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு நத்தையால் வருவதல்ல, நம்மால் வருவது. நம் செய்தித்தாள்களில் ‘ஆமை வேகத்தில் பாதாளச் சாக்கடைப் பணி’ என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஆமையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ‘டார்டாய்ஸ் ஸ்பீட்’ என்று ஆங்கிலத்தில் விட்டுவிடுகிறோம். ஆங்கிலக்காரருக்கு ஆமை என்றதும் ஈசாப் கதைதான் முதலில் ஞாபகம் வரும், அதில் ஆமை ஜெயித்துவிடுகிறது. நீங்கள் திட்டுகிறீர்களா, கடைசியில் ஜெயிப்போம் என்று நம்பிக்கை தருகிறீர்களா என்று அவர் ஒரு நொடி முழிப்பார். குறை சொல்ல நத்தை, பாராட்ட ஆமை என்று வைத்துக்கொண்டால் பிழைத்தோம்.

## பனியாறு: அட் எ கிளேஷியல் பேஸ்

நத்தையை விட இதில் ஒரு சலிப்பு கூடுதல். பெரிய உடம்புள்ள ஒன்று, யார் தள்ளினாலும் நகராத ஒன்று என்ற தொனி வந்துவிடும். விசா அலுவலகம், நிலப்பட்டா வழக்கு, பத்து கமிட்டி தாண்டி வரவேண்டிய முடிவு, இதற்கெல்லாம் பொருந்தும். தனி ஆளைச் சுட்டாததால் மெயிலிலும் தைரியமாகப் போடலாம். ஆனால் நாலு நாள் தாமதத்துக்குப் போட்டால் மிகைப்படுத்துகிறீர்கள் என்று தோன்றும்.

ஒரு வேடிக்கை. கிரீன்லாந்தின் ஜேக்கப்ஸ்ஹாவ்ன் பனியாறு 2012 கோடையில் நாளொன்றுக்கு 40 மீட்டருக்கு மேல் நகர்ந்தது. நொடிக்கு 1 மில்லிமீட்டர் என்று நம் நத்தை நாள் முழுக்க ஓய்வே எடுக்காமல் ஊர்ந்தால் 86 மீட்டர் போகும். அப்போதும் நத்தைதான் முந்தும், சரி. ஆனால் பூமி சூடாகச் சூடாக இந்தச் சொற்றொடரின் அர்த்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. காலநிலை பற்றி எழுதுபவர்கள் இதைப் போடுமுன் ஒருமுறை யோசிக்கலாம்.

## இழுத்தடிப்பு: டிராகிங் தெய்ர் ஃபீட்

பாதிக் கதையை மேலேயே சொல்லிவிட்டேன். பிரிட்டனில் காலுக்குப் பதில் குதிகாலை இழுப்பார்கள், ‘டிராகிங் தெய்ர் ஹீல்ஸ்’. பொருள் ஒன்றுதான்.

இதை எங்குமே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒருவர் வேண்டுமென்றே தாமதிக்கிறார், உங்களிடம் தேதியோடு ஆதாரம் இருக்கிறது, சண்டைக்கு நீங்களும் தயார் என்றால் இதைவிடக் கூர்மையான ஆயுதம் கிடையாது. பத்திரிகைத் தலையங்கம் அரசைப் பார்த்து இதைச் சொல்வது அதற்குத்தான். அமெரிக்க அரசியலில் இப்போது ‘ஸ்லோ-வாக்கிங்’ என்பதும் இதே வேலையைச் செய்கிறது. மசோதாவைக் கொல்லாமல், நடக்கவும் விடாமல், கையைப் பிடித்து மெல்ல மெல்ல நடத்திக்கொண்டே இருப்பது.

இதன் விலை என்னவென்றால், திரும்பப் பெற முடியாது. “நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை” என்று அடுத்த மெயிலில் எழுதினாலும் முந்தைய மெயில் இருந்த இடத்தில் இருக்கும். ஆகவே முதல் நினைவூட்டலில் ‘இட் ஹேஸ் பீன் டிராகிங் ஆன்’ போதும். மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு காலை இழுக்கலாம்.

## ஜனவரி வெல்லப்பாகு: ஸ்லோ ஆஸ் மொலாசஸ் இன் ஜனவரி

அமெரிக்காவுக்கே உரியது. மொலாசஸ் என்பது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருத்த, கெட்டியான பாகு. நம் ஊர் ஆலைகளிலும் அதே பெயர்தான். பாஸ்டன் பக்கம் ஜனவரியில் ஜாடியைக் கவிழ்த்தால் அது ஊற்றாது, யோசிக்கும். பேச்சில் சொன்னால் ஒரு கிராமத்துப் பாட்டியின் வாசனை வரும். அமெரிக்கச் சக ஊழியரோடு காபி குடிக்கும்போது, உங்கள் மடிக்கணினியைப் பற்றிச் சொல்லுங்கள், சிரிப்பார். ஒப்பந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள்.

இந்தப் பழமொழி புழக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். பிறகு 1919 ஜனவரி 15 அன்று, பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியில் ஐம்பது அடி உயர மொலாசஸ் தொட்டி ஒன்று வெடித்தது. சுமார் 23 லட்சம் கேலன் பாகு, மணிக்கு 35 மைல் என்று கணக்கிடப்பட்ட வேகத்தில், அலையாகத் தெருவில் பாய்ந்தது. 21 பேர் இறந்தார்கள், சுமார் 150 பேர் காயமடைந்தார்கள். குதிரைகள் பாகில் சிக்கி மீள முடியாமல் செத்தன. ஜனவரி, மொலாசஸ், இரண்டும் அங்கேயே இருந்தன, வேகத்தைத்தான் பழமொழி தப்பாகச் சொல்லிவிட்டது. பாஸ்டன்காரர் முன்னால் இதைச் சொன்னால் அந்தக் கதையைக் கேட்காமல் நீங்கள் எழுந்துபோக முடியாது.

பிரிட்டனில் இதே பாகு ‘ட்ரீக்கிள்’ ஆகிவிடும். ‘வேடிங் த்ரூ ட்ரீக்கிள்’ என்றால் பாகுக்குள் கால் வைத்து நடப்பதுபோல, எவ்வளவு முயன்றும் வேலை நகரவில்லை என்று பொருள். தன் சிரமத்தைச் சொல்வதால் யாருக்கும் கோபம் வராது. லண்டனுக்கு எழுதுபவர்களுக்கு என் சிபாரிசு இது.

## நிதானம்: டேக் யுவர் டைம்

மரியாதைக்கும் குத்தலுக்கும் நடுவே இதில் ஒரு காலவிகுதிதான் இருக்கிறது. ‘டேக் யுவர் டைம்’ என்றால் அவசரமில்லை, ஆற அமரச் செய்யுங்கள். ‘யூ டுக் யுவர் டைம்’ என்றால் “வந்துட்டியா? இன்னும் கொஞ்சம் ஆடி அசைஞ்சு வந்திருக்கலாமே!” நிகழ்காலத்தில் பூ, இறந்தகாலத்தில் முள். ‘ஹி டுக் ஹிஸ் டைம்’ என்று மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்லும்போது இடம் பார்த்து இரண்டும் வரும். சமையல்காரரைப் பற்றியென்றால் பாராட்டு, பிளம்பரைப் பற்றியென்றால் பெரும்பாலும் வசவு.

அப்புறம் இன்னொன்று. விருந்தினர் கிளம்பும்போது “மெதுவாப் போங்க” என்கிறோம். அதை ‘கோ ஸ்லோலி’ என்று மொழிபெயர்க்காதீர்கள், ‘டேக் யுவர் டைம்’ என்றும் மாற்றாதீர்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு ‘ட்ரைவ் சேஃப்’ அல்லது ‘டேக் கேர்’ தான். நம் ‘மெதுவாக’ ரொம்பப் பெரிய பை. வேகம், கவனம், சத்தம் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. “மெதுவாப் பேசு, குழந்தை தூங்குது” என்பதை என் உறவுக்கார அக்கா ஒருவர் நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ‘டாக் ஸ்லோலி’ என்று சொல்ல, அந்தப் பெண், பாவம், இவருக்கு ஆங்கிலம் புரியவில்லை போல என்று நினைத்து, ஒவ்வொரு சொல்லாக, முன்னைவிடச் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். குழந்தை எழுந்துவிட்டது.

## ஆமை: ஸ்லோ பட் ஷ்யூர்

‘ஸ்லோ அண்ட் ஸ்டெடி வின்ஸ் த ரேஸ்’ முழுசாக வேண்டாம். பள்ளிச் சுவரில் எழுதிவைத்த வாசகம் மாதிரி இருக்கும். ‘ஸ்லோ பட் ஷ்யூர்’ அல்லது ‘ஸ்லோலி பட் ஷ்யூர்லி’ இன்னும் உயிரோடு இருக்கிறது. இடைக்கால அறிக்கையில் போடலாம். கெடு தாண்டியபின் போட்டால் சாக்கு சொல்வதாகிவிடும். ‘மெல்ல மெல்ல’ என்பதை ‘ஸ்லோலி ஸ்லோலி’ என்று இரட்டிப்பது நம் வழக்கம், அதற்கும் இதுவே மாற்று.

அவசரப்படாதே என்று எச்சரிக்க பிரிட்டனில் ‘மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்’ உண்டு. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்ற நம் பழமொழியின் சித்தப்பா பிள்ளை. எனக்கு அண்டாதான் பிடிக்கும்.

## நீதிமன்றம் சொன்ன மெதுவு: வித் ஆல் டெலிபரேட் ஸ்பீட்

இதை அட்டவணையில் சேர்க்கவில்லை, காரணத்தோடுதான். கம்பீரமாக இருக்கிறதே, நிதானமும் வேகமும் சேர்ந்து வருகிறதே என்று இதைச் சட்டக் கடிதங்களில் போட விரும்புபவர்கள் உண்டு. அமெரிக்கர் படிக்கப்போகிறார் என்றால் தொடவேண்டாம்.

1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில், அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைத் தனியே பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. எப்போதிருந்து, எப்படி என்பதை மறு ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. 1955 மே 31 அன்று வந்த இரண்டாவது தீர்ப்பில் கெடு தேதி எதுவும் இல்லை. ‘வித் ஆல் டெலிபரேட் ஸ்பீட்’ நடக்கட்டும் என்று மட்டும் இருந்தது.

‘டெலிபரேட்’ என்ற சொல்லுக்கு நாம் பள்ளியில் படித்த பொருள் ‘வேண்டுமென்றே’. ‘நிதானித்து, யோசித்து’ என்றும் ஒரு பொருள் உண்டு. நீதிமன்றம் எழுதியது இரண்டாவது பொருளில். தென் மாநிலங்கள் நடந்துகொண்டது முதல் பொருளில். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், குழந்தைகளைச் சேர்த்து உட்காரவைப்பதற்குப் பதிலாக, 1959இல் தன் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் பூட்டியது. வெள்ளையர் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். பூட்டு 1964இல்தான் திறந்தது. ஏழு வயதில் வெளியே நின்ற கறுப்பினச் சிறுவன் பள்ளி திறக்கும்போது பன்னிரண்டு வயதுப் பையன். அந்த ஆண்டு அதே நீதிமன்றம் வெறும் ‘டெலிபரேட் ஸ்பீடுக்கு’ நேரம் முடிந்துவிட்டது என்றது. 1969இல் மிசிசிப்பி வழக்கொன்றில், இனி உடனடியாக என்று சொல்லவேண்டி வந்தது.

நான்கு சொல் அது. உங்கள் கடிதத்தில் இருந்தால் அமெரிக்க வழக்கறிஞருக்கு இத்தனையும் நினைவுக்கு வரும். ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ என்று எழுதி, பக்கத்தில் தேதியையும் போட்டுவிடுங்கள்.

நீதி தாமதமாகிறது என்று பொதுவாகச் சொல்ல ‘த வீல்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் டர்ன் ஸ்லோலி’ இருக்கிறது. தெய்வம் நின்று கொல்லும் என்பதற்கு நெருக்கமாக வேண்டுமென்றால், கடவுளின் ஆலை மெதுவாக, ஆனால் நுணுக்கமாக அரைக்கும் என்ற வரி. ஜெர்மன் கவிஞர் லோகாவ் எழுதியதை அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

## கோ-ஸ்லோ

இது வர்ணனை இல்லை, கலைச்சொல். தொழிலாளர்கள் திட்டமிட்டு வேகத்தைக் குறைத்து நடத்தும் போராட்டம். அமெரிக்காவில் ‘ஸ்லோடவுன்’. விதிப்புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுத்துக்கு எழுத்துச் செய்யும் ‘விதிப்படி வேலை’ இதன் உடன்பிறப்பு. நம் நாட்டின் 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில், தொழிலாளர் தரப்பின் முறையற்ற நடவடிக்கைகளில் ஒன்றாக ‘கோ-ஸ்லோ’ பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருந்தது; 2025இல் அதன் இடத்துக்கு வந்த சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆகவே ‘த டீம் இஸ் ஆன் கோ-ஸ்லோ’ என்று விளையாட்டாகக்கூட மனிதவளத் துறைக்கு எழுதக்கூடாது. லாகோஸ் நகரில் மட்டும் கவலையில்லை. நைஜீரிய ஆங்கிலத்தில் ‘கோ-ஸ்லோ’ என்றால் வெறும் டிராஃபிக் ஜாம்.

## ஆளைச் சொல்வது

பிரிட்டனில் ‘ஸ்லோகோச்’, அமெரிக்காவில் ‘ஸ்லோபோக்’. குழந்தைகளிடமும் நெருங்கியவர்களிடமும் செல்லமாகச் சொல்லலாம், சோம்பேறிக் கழுதை என்பதில் பாதி காரம். ‘ஸ்லோ ஆன் தி அப்டேக்’ அப்படியில்லை. அது மந்தபுத்தி என்பதைக் கோட்டு போட்டுச் சொல்வது. ஒரு மேலாளர், ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே என்று இதைப் பணி மதிப்பீட்டில் எழுதி நான் பார்த்திருக்கிறேன். எழுதப்பட்ட பெண் அதை அச்செடுத்து வைத்திருந்தார்.

‘ஸ்லோ பர்ன்’ தனி ரகம். 1930களில் எட்கர் கென்னடி என்ற நகைச்சுவை நடிகர், கோபம் முகத்தில் மெல்ல மெல்ல ஏறுவதை நடித்துக் காட்டிப் பேர் வாங்கினார், உள்ளுக்குள் புகைவது என்போமே அது. இன்று ஓடிடி விமர்சனங்களில் மெதுவாகச் சூடேறும் திரில்லருக்கான பாராட்டு. படம் ஜவ்வாக இழுக்கிறது என்று சொல்ல வந்தவர்கள் இதைப் போட்டால் படக்குழு நன்றி சொல்லும். அதற்கு ‘இட் டிராக்ஸ்’ போதும்.

தம்பியின் மெயில் என்ன ஆயிற்று என்றால், நானும் அவனும் உட்கார்ந்து நான்கு வரியில் வருத்தம் தெரிவித்து, ‘டிராகிங் ஆன்’ என்று மாற்றி, தாமதத்தில் எங்கள் பங்கு என்ன என்பதையும் சேர்த்து அனுப்பினோம். மறுநாள் லண்டனிலிருந்து பதில். ஒப்புதல் வெள்ளிக்கிழமை வரும், இணைப்பில் உள்ள சில கேள்விகளுக்கு நீங்கள் பதில் தரவேண்டும், ‘ப்ளீஸ் டேக் யுவர் டைம்’ என்று முடித்திருந்தார்கள்.

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். “அக்கா, இது நிஜமாச் சொல்றாங்களா, குத்திக் காட்டுறாங்களா?”

“நிகழ்காலம்தான். நிஜம்,” என்றேன். ஆனாலும் அன்று மாலைக்குள் பதில்களை அனுப்பச் சொன்னேன்.